ஊழிய அழைப்பைப் பெற்றவர்களுக்கான பயிலரங்கு: ஒரு மதிப்பீடு

முழுநேரக் கிறிஸ்தவ ஊழியத்துக்கு (இறைப்பணிக்கு) அழைக்கப்பட்டதாக உணர்வோருக்காக, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்ச் சபை நடத்திய நான்கு வாரப் பயிலரங்கில் நானும் என் மனைவியும் கலந்துகொண்டோம். முதல் நாள் ஜெபம் முடிந்ததும் எங்கள் கையில் தரப்பட்டது ஒரு கணக்குத்தாள்; வீட்டு வாடகை, கார்த் தவணை, பிடிபிடிஎன் கல்விக்கடன் பாக்கி என அனைத்தையும் இருவரும் தனித்தனியே எழுதி ஒப்பிட வேண்டும் என்றார்கள். என் அம்மாவின் மருந்துச் செலவு என் தாளில் இல்லை, மனைவியின் தாளில் இருந்தது. வேலையை விடும் தேதியை அவளைக் கேளாமல் நான் முடிவு செய்திருந்தது எவ்வளவு பெரிய தவறு என்பது அப்போதுதான் புரிந்தது.

ஓய்வுக்காலச் சேமிப்பான சேமநிதி (இபிஎஃப்) பற்றிய வகுப்பே மிகச் சிறந்தது. மாதம் 5,000 வெள்ளி வரை சம்பளம் பெறுபவருக்கு முதலாளி செலுத்தும் 13 விழுக்காடும் அவருடைய பங்கான 11 விழுக்காடும், காணிக்கையை மட்டும் நம்பி ஊழியம் செய்யும்போது நின்றுபோகும் என்பதையும், விருப்பச் சந்தாவாக நாமே தொடர்ந்து செலுத்த வழியுண்டு என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள். கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14:28 சொல்வதும் இதைத்தானே.

இறையியல் படிப்பு பற்றிய பகுதி மட்டும் அவசரமாக முடிந்துவிட்டது. சிரம்பானிலும் பினாங்கிலும் உள்ள இறையியல் கல்லூரிகளைக் குறிப்பிட்டார்களே தவிர, வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிப்பது எப்படி என்று சொல்லவில்லை. அடுத்த முறை இதற்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். திருமணமானவர்கள் தம்பதியராகவே செல்லுங்கள்.