ஸ்விஃப்டில் ஷார்ட் ஷிஃப்டர்: நீண்ட நாள் ஓட்டிய பிறகு

ஷார்ட் ஷிஃப்டர் என்றால் கியர் மாற்றும்போது ராட் நகரும் தூரத்தை, அதாவது வீச்சை, குறைக்கும் மாற்றம். அதனால் வண்டி சீக்கிரம் கியர் மாறும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள். மாறாது. கியர் எங்கே விழுகிறது என்பது கைக்குத் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது. இத்தனை வருஷம் ஓட்டியும் கழற்றத் தோன்றவில்லை.

என்னுடையது 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை மாருதி சுசுகி ஸ்விஃப்ட், 1.2 லிட்டர் பெட்ரோல், 5 கியர். 87 பிஎஸ் சக்தி உண்டு. ஆனால் 114 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (டார்க்) முழுதாகக் கிடைப்பது என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று (ஆர்பிஎம்) சுழலும்போது. அதனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கைக்கு ஓய்வே இருக்காது. இந்த என்ஜினை ரசிக்க வேண்டும் என்றால் கியர் மாற்றுவதையும் ரசித்தாக வேண்டும். கம்பெனி ராடின் வீச்சு நீளம், நடுவில் கொஞ்சம் தொளதொளப்பு. என் குறை அது ஒன்றுதான்.

ஸ்விஃப்டில் ராடுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இரண்டு கேபிள்கள். முன்பின் அசைவை ஒன்று கொண்டுபோகும், இடவல அசைவை இன்னொன்று. ராட் என்பது ஒரு நெம்புகோல்: மூட்டுக்கு மேலே கை பிடிக்கும் நீளம், மூட்டிலிருந்து கேபிள் மாட்டும் ஆணி வரை இன்னொரு நீளம். கியர்பாக்ஸுக்குள் தேவையான நகர்வு எப்போதும் ஒன்றுதான். கேபிள் பக்க நீளத்தைக் கூட்டினால் கை குறைவாக நகர்ந்தாலே கேபிள் அதே தூரம் நகரும். வெளிநாட்டில் தயார் கிட் கிடைக்கிறது. நான் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இதைச் செய்துகொண்டேன். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுக்கும்போது நாப் (ராடின் தலைப்பிடி) நகரும் தூரம் 13 சென்டிமீட்டரிலிருந்து 9 ஆனது. ராடை மேலே வெட்டிக் குட்டையாக்குவதும் ஒரு வழி. ஆனால் நாப் தாழ்ந்துபோய், ஒவ்வொரு முறையும் தோள் முன்னால் சரிய வேண்டி வரும். அதனால் உயரத்தைத் தொடவில்லை.

வீச்சு 30 சதவீதம் குறைந்தால் கை தர வேண்டிய விசை 40 சதவீதத்துக்கு மேல் கூடும். நெம்புகோல் கணக்கு இது, எந்தக் கிட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. பாதியாகக் குறைக்கிறோம் என்று விற்கும் கிட்டில் விசை இரட்டிப்பாகும். ரேஸ் டிராக்கில் அது நியாயம். அவினாசி சாலையின் மாலை நெரிசலில் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று போகிறவருக்கு அது தண்டனை. தெருவில் ஓடும் வண்டிக்கு 30 சதவீதமே எல்லை என்பது என் உறுதியான கருத்து.

வேலை முடித்துக் கொடுத்தபோது பட்டறைக்காரர் சொன்னதை இன்றும் கடைப்பிடிக்கிறேன்: "கை வெரசாப் போயிருமுங்க தம்பி. உள்ள இருக்கற பித்தளை ரிங்கு அதும்பாட்டுக்குத்தானுங்க போகும்." அவர் சொன்னது சிங்க்ரோமெஷ் ரிங்கை. அது கியரின் கூம்பின்மேல் உரசி, கியர், ஷாஃப்ட் இரண்டின் வேகத்தையும் சமப்படுத்திய பிறகுதான், கியரைப் பூட்டும் ஸ்லீவை உள்ளே போக விடும். அதற்குத் தேவையான நேரத்தை எந்த ராடும் குறைக்காது. குட்டை வீச்சில் கை சீக்கிரமே அந்தத் தடுப்பில் போய் நிற்கும். அங்கே குத்தித் தள்ளினால் தேய்வது ரிங். தடுப்பில் லேசாக அழுத்தி வைத்திருந்தால் கியர் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு கணத்தை இவ்வளவு துல்லியமாக விரலில் உணர முடிவதுதான் இந்த மாற்றத்தின் உண்மையான பலன். மார்கழிக் காலையில் எண்ணெய் சூடேறும் வரை இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அப்போது அவசரப்படவே கூடாது.

இடவல அசைவை அப்படியே விட்டதும் யோசித்துச் செய்ததுதான். அதையும் குறுக்கினால் கியர் வரிசைகள் நெருங்கிவிடும். மூன்றிலிருந்து நான்குக்கு இழுக்கும்போது கை இடப்பக்கம் சாய்ந்து இரண்டில் விழுந்தால், சக்கரமே என்ஜினை விரட்டும். என்ஜின் சுழற்சி எல்லை மீறாமல் பார்க்கும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும், இந்த எகிறலை நிறுத்தாது. வால்வு வளையும் அளவுக்குச் சேதம் வரலாம். என்னுடையதில் முன்பின் குறுகி, இடவலம் பழையபடி இருப்பதால் கியர் வரிசை கொஞ்சம் அகலமாகத் தோன்றும். கை சீக்கிரம் பழகிவிடுகிறது.

இந்த வேலையோடு கேபிள் முனை புஷ், ஷிஃப்டர் அடிப்பகுதி புஷ் (இணைப்புகளில் வரும் சின்ன வளையங்கள்) எல்லாம் புதிதாகப் போட்டேன், கியர் ஆயிலும் மாற்றினேன். தொளதொளப்பு போனதில் பெரும்பங்கு இந்தப் புஷ்களுக்குத்தான். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் இதை மட்டும் செய்து கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும், ஷார்ட் ஷிஃப்டர் தேவைப்படாது. ஆயில் கையேட்டில் சொன்ன தரத்தில்தான் இருக்க வேண்டும். ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில், எண் பெரிதாக இருக்கிறதே என்று ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக் கூடியவை.

அடிப்பகுதிக்குச் சிலர் ரப்பருக்குப் பதில் அலுமினியம் புஷ் போடுகிறார்கள். பிடிப்பு இன்னும் கூடும், அதோடு என்ஜின் அதிர்வும் நாபுக்கு வரும். தினசரி வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கனமான இரும்பு நாப் கியர் விழுவதை மிருதுவாக்கும் என்பது உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் அதைத் தொட்டால் கை சுடும். டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்த நாப் அப்படிச் சுடாது, பிடியும் நன்றாக இருக்கிறது.

பராமரிப்பில் கூடியது ஒன்றுதான். அதிக விசை முழுவதும் கேபிளின் பிளாஸ்டிக் முனைகள் வழியாகத்தான் போகிறது. கியர்பாக்ஸ் பக்க முனையில் மழைத்தண்ணீரும் மண்ணும் சேரும். ஒவ்வொரு சர்வீஸிலும் அதைத் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். முன்பின் கேபிளின் முனை கழன்றால் வண்டி எந்தக் கியரில் இருக்கிறதோ அதிலேயே மாட்டிக்கொள்ளும், வேறு கியர் விழாது. மலைப்பாதைக்குப் போகும்போது டேஷ்போர்டில் நாலு கேபிள் டை வைத்துக்கொள்வது நல்லது. முனையைத் திரும்ப மாட்டி அதால் கட்டிக்கொண்டு பட்டறை வரை வந்துவிடலாம். கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டாலும் இந்த ராடில் உடனே தெரியும், கியர் கல்லாகிவிடும். அதை ராடின் குறை என்று நினைத்துப் பலத்தால் சமாளிக்காமல் கிளட்சைப் பாருங்கள்.

வீட்டில் வேறு யார் ஓட்டுகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். அப்பாவுக்கு இடது தோளில் வலி உண்டு. டவுனுக்குள் அவர் இந்த வண்டியை எடுப்பதைக் குறைத்துவிட்டார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் தினமும் ஓட்டுகிறார் என்றால் புஷ்ஷும் ஆயிலும் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலும் கை வைக்காதீர்கள். கியர்பாக்ஸில் எந்தக் கோளாறு வந்தாலும் இந்த ராடைக் காட்டி மறுக்க இடம் கிடைக்கும். பழைய ராடை வெட்டி மாற்றுவதற்குப் பதில் இன்னொரு ராடை வாங்கி அதில் வேலை செய்யுங்கள். விற்கும்போது ஒரிஜினலைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிடலாம்.