64ஆ, 70ஆ? வேப்பமரத்தடியில் ஒரு ஜெட் சோதனை

'ட' வடிவில் பொருத்திய இரண்டு மரச்சட்டம். மூலையில் பழைய சைக்கிளின் முன்சில்லு அச்சு. படுத்திருக்கும் சட்டத்தின் நுனிக்குக் கீழே அம்மா மா நிறுக்கும் தராசு. நிமிர்ந்த சட்டத்தின் தலையில் றிமோட் ஜெட் மொடலுக்குப் பூட்டும் ஃபானைக் கட்டி ஓடவிட்டால் அது முன்னுக்குப் போகப் பார்க்கும், படுத்த சட்டம் தராசை அமத்தும். இரண்டு கையும் ஒரே நீளம் என்பதால் தராசில் விழும் கிராம்தான் தள்ளுவிசை. கிளிநொச்சி முரசுமோட்டையில் எங்கள் வளவு வேப்பமரத்தடியில் இரண்டு மாதமாக இதுதான் என் சனி, ஞாயிறு வேலை. கோழிகள் மட்டும் இன்னும் பழகவில்லை.

றிமோட் ஜெட் என்றால் உள்ளே எரிபொருள் எரியும் இயந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் கட்டுவது ரெஜிபோம் (வெள்ளை நுரைத்தகடு) உடலுக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் நிமிடத்துக்கு நாற்பதாயிரம் சுற்றுச் சுற்றும் சின்ன ஃபான், அதை ஓட்ட ஒரு பிரஷ்லெஸ் மோட்டர், லைப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி. அவ்வளவுதான். இந்தச் சாமான் எதையும் கிளிநொச்சியில் கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடியாது. வெளியில் இருந்து ஒருவர் கொண்டுவர வேண்டும், பிழையாக வாங்கினால் அடுத்த ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் வாங்கியதைப் பூட்டுவதற்கு முன் கட்டிவைத்து அளக்கிறேன். பறக்க விடுவது வேறு கதை. இரணைமடுவில் விமானப்படைத் தளம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் வேகமான சாமான் எதையும் மேலே ஏற்றும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது.

முதல் போட்டி 64 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஃபானுக்கும் 70 மில்லிமீற்றர் ஃபானுக்கும். சின்னதற்கு 3500 கேவி மோட்டர், நாலு செல் பற்றரி. பெரியதற்கு 2150 கேவி, ஆறு செல். கேவி என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ற்றுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு மட்டும்தான், பலத்தின் அளவு அல்ல. 3500 பெரிது, 2150 சிறிது என்று பார்த்து வாங்கிய பெடியனை எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு முந்திய நான்தான் அது.

முழு த்ரொட்டில் கொடுத்துப் பத்தாவது செக்கனில் வாசித்தது இது. 64: 15.4 வோல்ற், 42 அம்பியர், தராசில் 1,120 கிராம். 70: 23 வோல்ற், 58 அம்பியர், 1,990 கிராம். வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கினால் சின்னது 647 வாற் தின்கிறது, பெரியது 1,334. ஒரு வாற்றுக்குச் சின்னது 1.7 கிராம் தள்ளுகிறது, பெரியது ஒன்றரை கிராம். இந்த இடத்தில் நிற்பாட்டினால் 64 வென்றுவிட்டது என்றுதான் எழுதவேண்டி வரும். நானும் முதல் வாரம் அப்படித்தான் கொப்பியில் எழுதி வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை பெரிய ஃபானின் த்ரொட்டிலை மெல்ல இறக்கிக்கொண்டு வந்து, தராசு அதே 1,120 கிராமில் நிற்கும்வரை இறக்கினேன். மீற்றரைப் பார்த்தால் 24 அம்பியருக்கும் குறைவு, வாற் 560 சொச்சம். சின்னது மூச்சு முட்ட 647 வாற்றில் செய்கிற வேலையைப் பெரியது நடந்துகொண்டே செய்கிறது. காரணம் லேசு. அகலமான வாயால் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, ஒடுங்கிய வாயால் கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட மலிவு. தள்ளுவிசை சுற்றின் வர்க்கமாக ஏறும், அதற்குக் கொடுக்கும் வாற் சுற்றின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். கடைசிக் கால்வாசி த்ரொட்டில் பற்றரியை உறிஞ்சிக் குடிப்பது இதனால்தான். 64ஐ 2200 மில்லி அம்பியர்-மணி பற்றரியில் முழுதாக ஓட்டினால், பற்றரியில் ஐந்திலொரு பங்கை மிச்சம் வைக்கக் கணக்குப் போட்டு, இரண்டரை நிமிடம். 70ஐ 4000 பற்றரியில் பாதி விசையில் ஓட்டினால் எட்டு நிமிடம் கிட்ட.

வேகம் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொன்று. தராசு காட்டுவது நின்ற இடத்தில் தள்ளும் விசை. ஜெட் ஓட ஓட அது குறையும், குழாயால் வெளியே வரும் காற்றின் வேகத்தைத் தாண்டி எந்த மொடலும் ஓடாது. தள்ளுவிசையையும் குழாய் வாயின் பரப்பையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் 64இல் வெளிவரும் காற்று செக்கனுக்கு 60 மீற்றர், 70இல் 75 மீற்றர் அளவு. மணிக்கு 216, 270 கிலோமீற்றர். காற்றுத் தடை போக உண்மையில் கிடைப்பது இதைவிடக் குறையும். ஆனால் முந்துவது எது என்பதில் சந்தேகம் இல்லை.

எங்கள் வெக்கையும் ஒரு போட்டியாளர்தான். வெளிநாட்டுக்காரர் போடும் இலக்கங்கள் குளிர்ந்த காற்றில் எடுத்தவை. 15 பாகையில் ஒரு கன மீற்றர் காற்றின் நிறை 1.225 கிலோ, 35 பாகையில் 1.145. ஃபானுக்குத் தள்ளக் கிடைக்கும் காற்றிலேயே நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் இங்கே குறைகிறது. காலை ஆறரைக்கு எடுத்த அளவும் சிறுபோக வெட்டு நேரத்து மத்தியானத்தில் எடுத்த அளவும் ஒத்துவராததைப் பார்த்து, தராசு பழுது என்று அம்மாவுக்குப் புதுத்தராசு வாங்கிக் கொடுத்த மடையன் நான்.

ஃபானின் பிளேட் (இறகு) கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது அளவுக்கோலில் வராத காரணத்துக்காக. முதலில் என்னிடம் இருந்தது ஐந்து பிளேட் ஃபான். ஐந்து பிளேட் நிமிடத்துக்கு 45,000 சுற்றுச் சுற்றினால் செக்கனுக்கு 3,750 அதிர்வு. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் அது. முதல் நாள் முழு த்ரொட்டில் கொடுத்ததும் குசினிக்குள் இருந்து அம்மா வெளியே ஓடி வந்தா. என்னைப் பார்க்கவில்லை. முதலில் வானத்தைப் பார்த்தா. பிறகுதான் மரத்தடியைப் பார்த்து, "நிப்பாட்டடா" என்றா. யுத்தத்தில் கிபிர் போர்விமானச் சத்தம் கேட்டு பங்கருக்குள் பிள்ளைகளை இழுத்துப் போட்ட சனம் இன்னும் பக்கத்து வீடுகளில்தான் இருக்கிறது. இந்த யோசனை எனக்கு முதலே வந்திருக்க வேண்டும். இப்போது இரண்டும் பன்னிரண்டு பிளேட். அதிர்வு எண் மேலே போய்விடுவதால் கூச்சல் அடங்கி, காற்றிரைச்சல்தான் மிஞ்சும். "இது மாவரைக்கிற மிசின் மாதிரி, பரவாயில்லை" என்பது அம்மாவின் தீர்ப்பு. மேலே சொன்ன அளவுகள் எல்லாம் பன்னிரண்டு பிளேட்டில் எடுத்தவை.

மோட்டரில் உள்சுற்றா வெளிச்சுற்றா என்பதை நீட்ட வேண்டியதில்லை. காந்தம் நடுவில் சுற்றும் இன்றன்னரில் கம்பிச் சுருள் வெளிக்கோதோடு ஒட்டியிருக்கும், சூடு லேசாக வெளியே போகும், விலை கூட. கோதே சுற்றும் அவுட்றன்னர் மலிவு, திருகுவிசை நல்லது, சூடு உள்ளே தங்கும். சாதாரணத் தர நியோடிமியம் காந்தம் 80 பாகை தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும். வெக்கையில் 36 பாகையில் ஆரம்பிக்கும் எங்களுக்கு அது தூரத்தில் இல்லை. ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையில் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் விட்டால் அவுட்றன்னர் போதும். சூடு பார்க்கக் கொரோனாக் காலத்து நெற்றி வெப்பமானியை எடுக்க வேண்டாம். அது மனிதக் காய்ச்சலுக்குச் செய்தது, 43ஐத் தாண்டினால் இலக்கமே காட்டாது.

இனிப் பற்றரி. ஃபானைவிட இதில்தான் ஏமாற்று அதிகம்.

ஒரே 2200, ஒரே நாலு செல், இரண்டு பொதி. ஒன்றின் மட்டையில் 35சி, மற்றதில் 100சி. சி என்பது கொள்ளளவின் எத்தனை மடங்கு அம்பியரைப் பற்றரி தாங்கும் என்ற உரிமைகோரல். 2.2ஐ 100ஆல் பெருக்கினால் 220 அம்பியர். வெல்டிங் அடிக்கலாம். இரண்டையும் ஒரே 64 ஃபானில் போட்டேன். 35சி பொதிதான் மேலே சொன்ன 15.4 வோல்ற், 1,120 கிராம். 100சி வீரன் 14.1 வோல்ற்றுக்குத் தொங்கி, 35 அம்பியர்தான் கொடுத்தான், தராசில் 935. சார்ஜரில் உள்தடை பார்த்தேன்: நல்லதில் செல்லுக்கு 4 மில்லி ஓம், மற்றதில் 10. சூடாக வீணாவது அம்பியரின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிய அளவு என்பதால், நல்ல பொதி முழு ஓட்டத்தில் 28 வாற் வீணாக்குகிறது, மற்றது குறைந்த அம்பியரிலேயே 49. ஒரு நிமிடத்தில் அதன் வயிறு பொரித்த பப்படம் போல உப்பத் தொடங்கியது. கழற்றிக் கிணற்றடி மணலில் வைத்துவிட்டேன். மட்டையைப் படிக்காதீர்கள், உள்தடையைப் படியுங்கள். அந்த அளவைக் காட்டாத சார்ஜரை வாங்காதீர்கள்.

லைப்போவுக்கு எதிராக வந்து நிற்பது 21700 என்ற அளவு உருளை லித்தியம் அயன் செல். மொலிசெல் பி42ஏ என்பது 4200 மில்லி அம்பியர்-மணி, 45 அம்பியர் வரை தாங்கும், ஒன்று 70 கிராம். ஆறு செல் சேர்த்தால் 420 கிராம், வயரோடு கொஞ்சம் கூட. என் 6எஸ் (ஆறு செல்) 4000 லைப்போ 620 கிராம். இருநூறு கிராம் மிச்சம் என்பது இரண்டு கிலோ ஜெட்டில் சின்ன விஷயம் இல்லை. ஆனால் 70இல் போட்டு முழு த்ரொட்டில் கொடுத்ததும் வோல்ற் 20.5க்கு இறங்கியது, 46 அம்பியர், 1,580 கிராம். நாற்பது செக்கனில் செல்லைத் தொட முடியவில்லை. பாதி த்ரொட்டிலில் சுற்றிச் சுற்றிப் பறக்க இதைவிட நல்லது இல்லை, சுற்று ஆயுளும் கூட. கிளம்பும்போது, மேலே குத்தும்போது பலம் கேட்டால் கைவிரிக்கும். வேகக்காரர்களுக்கு ஆகாது. செல்லில் நேரே ஈயம் வைத்து ஒட்டவும் வேண்டாம், பொட்டு வெல்டிங் மிசின் உள்ள ஆளிடம் கொடுங்கள்.

எத்தனை மில்லி அம்பியர்-மணி என்பதை இங்கே தீர்மானிப்பது பறப்பு நேரம் அல்ல, கனடா மாமாவின் கைப்பை. உதிரி லித்தியம் பற்றரி விமானத்தில் பெட்டிக்குள் போகக்கூடாது, கையில்தான் வரவேண்டும். 100 வாற்-மணிக்கு உட்பட்டது தடையில்லாமல் வரும். 100இலிருந்து 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும், அதுவும் ஆளுக்கு இரண்டுதான். 6எஸ் 5000 என்றால் 22.2ஐ 5ஆல் பெருக்கி 111. மாட்டிக்கொண்டது. 6எஸ் 4000 என்றால் 88.8. மாமாவுக்கு ஒரு சொல்லும் கேட்க வேண்டி வராது. முனையில் நாடா ஒட்டி, தனித்தனிப் பையில் போட்டால் சரி.

கரண்ட் போன நாளில் சார்ஜ் பண்ணுவதற்கும் 4000தான் அளவு. உழவு மெசின் பற்றரியில் இருந்து ஏற்றினால் ஒரு முறைக்கு ஒன்பது அம்பியர்-மணி அளவு போகும். 70 அம்பியர்-மணி பற்றரி என்றால் மூன்று முறை ஏற்றியும் மெசின் ஸ்டார்ட் ஆகும். நாலாவது முறை அண்ணையிடம் ஏச்சு வாங்கினேன்.

ஈஎஸ்சி, அதாவது மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி, அதன் விஷயத்தில் என் பிழை ஒன்று. நிழலில் இருந்து வேலை செய்ய வசதி என்று பற்றரி வயரை மூன்று முழம் நீட்டினேன். நாலாவது ஓட்டத்தில் 'டப்' என்று ஒரு சத்தம், கரிமணம், ஈஎஸ்சியின் கப்பாசிற்றர் வயிறு வெடித்துக் கிடந்தது. ஈஎஸ்சி செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை கரண்டை வெட்டி ஒட்டுகிறது. நீண்ட வயர் அந்த வெட்டை விரும்பாது, ஒவ்வொரு முறையும் வோல்ற்றை உதைத்து ஏற்றும். நீட்டத்தான் வேண்டும் என்றால் மோட்டர்ப் பக்கத்து மூன்று வயரை நீட்டுங்கள். 70க்கு 80 அம்பியர் ஈஎஸ்சி போடுங்கள், 60 மட்டுமட்டு.

என் முடிவு: 70, அவுட்றன்னர், பன்னிரண்டு பிளேட், உள்தடை பார்த்து எடுத்த 6எஸ் 4000 லைப்போ. முழு விசை ஏறுவதற்கும் குத்துவதற்கும் மட்டும், மற்ற நேரம் பாதி. முதல் ஜெட் கட்டுபவன், கையில் காசு குறைவு, விழுந்து நொறுங்கப் போவது நிச்சயம் என்றால் 64 வாங்கட்டும், 35சி பொதி இரண்டோடு. என் 64ஐ வட்டக்கச்சியில் இருக்கும் மருமகனுக்குக் கொடுத்துவிட்டேன். பற்றரியை மட்டும் செல்லுக்கு 3.8 வோல்ற்றில் இறக்கி, மண் சட்டிக்குள் போட்டு, மாட்டுக் கொட்டிலில் வைத்திருக்கிறேன். அதை வந்து எடுக்கும்போது தராசையும் ஒருக்கால் துடைத்துத் தரச் சொல்லி அம்மா சொல்லியிருக்கிறா.