பூதக்கண்ணாடியோடு போங்கள்: ஆண்ட்வெர்ப் டிவா அருங்காட்சியகம்

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் மேற்படிப்புக்காக பெல்ஜியம் நாட்டின் லூவன் நகருக்குப் போகிறான். கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து அவ்வளவு தூரம் போகிறவனுக்கு ஊரே யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறது. போன வாரம் என்னிடம் வந்தவன், “அக்கா, நீங்களும் தாத்தாவும் ஆண்ட்வெர்ப்பில் ஒரு வைர மியூசியம் பார்த்தீர்களாமே? போய்ப் பார்க்கும்படி இருக்குமா?” என்று கேட்டான். வாசற்படியில் நின்றபடி சொல்லி முடிகிற விஷயமா அது? அவனுக்கும், அவனைப் போல அந்தப் பக்கம் போகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். நாங்கள் போனது 2019 ஜூன் மாதம். அதற்குப் பிறகு காட்சி அமைப்பை மாற்றியிருக்கவும் கூடும். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் யாரோடு போனேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தை நான் பார்த்ததே அவர் கண்ணால்தான். அப்பா தங்க வேலைக்காரர். பதினான்கு வயதில் ஊதுகுழலை எடுத்தவர், கண் மங்கும் வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையபேட்டையில் பட்டறை வைத்திருந்தார். என்னைக் கட்டிக்கொடுத்ததோ கிரானைட் தொழில் செய்யும் வீட்டில். பிறந்த வீட்டில் பொன், புகுந்த வீட்டில் கல். தம்பி பிரஸ்ஸல்ஸில் வேலை பார்த்தான். அவன் விடாமல் கூப்பிட்டதால் அப்பா, என் வீட்டுக்காரர், நான் மூவரும் ஓசூர் வழியாக பெங்களூரு போய் விமானம் ஏறினோம். அம்மாவின் ஏழுகல் தோடு என் காதில் இருந்தது.

பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆண்ட்வெர்ப்புக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்தான். 1905இல் கட்டி முடித்த அந்த ரயில் நிலையமே அண்ணாந்து பார்க்க வைக்கும். வைர வியாபாரத் தெருக்கள் நிலையத்தை ஒட்டியே இருக்கின்றன. ஆனால் அருங்காட்சியகம் அங்கே இல்லை, குழம்பிவிட வேண்டாம். அது பழைய நகரத்தில், ஷெல்ட் ஆற்றங்கரைக்கும் நகர மன்றச் சதுக்கத்துக்கும் நடுவே, சாய்கர்ராய் என்ற தெருவில் இருக்கிறது. நடந்தே போகலாம். வழியில் மெய்ர் கடைவீதியில் கையில் வைரம் ஏந்திய ஒருவரின் சிலையைக் காணலாம். லோடவைக் வான் பெர்க்கன் என்று பெயர். பதினைந்தாம் நூற்றாண்டில் வைரத்துக்குப் பட்டை தீட்டும் சாணைச் சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். வரலாற்று அறிஞர்கள் அந்தக் கதையை முழுதாக ஏற்பதில்லை. அப்பா அதையெல்லாம் கேட்கவில்லை. ஒரு தொழிலாளிக்குக் கடைவீதியில் சிலை வைத்திருக்கிறார்கள் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

டிவா 2018இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் வைரத்துக்குத் தனியாகவும் வெள்ளிப் பொருள்களுக்குத் தனியாகவும் இருந்த இரண்டு அருங்காட்சியகங்களை ஒன்றாக்கி, வைரம், நகை, வெள்ளி மூன்றுக்குமான இடமாக்கினார்கள். உள்ளே போனால் ஒரு பெரிய பணக்கார வீட்டின் அறைகளுக்குள் நடப்பது போலவே இருக்கும். அபூர்வப் பொருள்கள் வைத்த அறை, பட்டறை, வியாபார அறை, சாப்பாட்டு அறை, பெட்டக அறை, பெண்கள் அலங்காரம் செய்துகொள்ளும் அறை என்று வீடு நீள்கிறது. காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி தருகிறார்கள். ஜெரோம் என்ற பணியாளர் அந்த வீட்டைச் சுற்றிக் காட்டுவது போல அதில் குரல் வரும். அந்தக் குரல் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் அப்பாவின் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பாதி நேரம் அவர் என்னை முந்திக்கொண்டு, எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

முதல் அறையைச் சட்டென்று கடந்துவிட்டோம். பட்டறை அறைக்குள் கால் வைத்ததும் அப்பா நின்றுவிட்டார்.

அங்கே இருந்ததெல்லாம் அவர் வாழ்நாள் முழுவதும் கையாண்ட கருவிகள். குறடு, சாமணம், அரம், சுத்தியல், கம்பி இழுக்கும் பலகை. வரிசையாகத் துளையிட்ட அந்த இரும்புப் பலகையில் பெரிய துளையிலிருந்து சின்னத் துளைக்கு மாற்றி மாற்றி இழுத்தால் பொன் கம்பி மெலிந்துகொண்டே போகும். “நம் பலகையும் இதுவும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை” என்றார் அப்பா. உட்காரும் முறையில்தான் வேறுபாடு. நாம் தரையில் சம்மணமிட்டு, முன்னால் குமுட்டி அடுப்பை வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். ஐரோப்பிய நகைத் தொழிலாளி அரைவட்டமாக வெட்டிய மேசைக்குள் வயிற்றை நுழைத்து உட்காருகிறான். மேசைக்குக் கீழே ஒரு தோல் விரிப்புத் தொங்கும். அரத்தால் ராவும்போது உதிரும் பொன்தூள் அதில் விழும். அந்தத் தோலைப் பற்றிச் சொன்னதும் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் பட்டறையைப் பெருக்கிய குப்பையைத் தெருவில் கொட்டக் கூடாது. அதை டப்பாவில் சேர்த்து வைப்போம். விலைக்கு வாங்கிப்போய்க் கழுவிப் பொன் எடுக்கிறவர்கள் வருவார்கள். கை கழுவிய தண்ணீரைக்கூட அப்பா தனியாகத்தான் ஊற்றுவார். உலகத்தின் மறுகோடியிலும் அதே கவனத்தோடு ஒருவன் தூளைப் பொறுக்கியிருக்கிறான் என்பதில் அவருக்கு அவ்வளவு நிறைவு.

அதே அறையில் வைரம் அறுப்பதும் தீட்டுவதும் எப்படி என்று காட்டுகிறார்கள். இங்கே பேச்சு என் வீட்டுக்காரருக்குப் போனது. கிருஷ்ணகிரியில் கல் குவாரியை அறிந்தவர்களுக்கு வைரம் அன்னியமே இல்லை. மலையிலிருந்து கிரானைட் பாளத்தை அறுக்கும் கம்பி ரம்பத்தில் கோத்திருப்பது செயற்கை வைரத் துகள் பதித்த மணிகள்தான். ஆண்ட்வெர்ப் சக்கரமும் அதே நியாயத்தில்தான் ஓடுகிறது. வார்ப்பிரும்புத் தட்டில் எண்ணெயும் வைரத் தூளும் பூசி, நிமிடத்துக்கு ஏறத்தாழ மூவாயிரம் சுற்று வேகத்தில் சுழலவிட்டு, அதன்மேல் கல்லை அழுத்துகிறார்கள். வைரத்தை வைரம் தேய்க்க முடிவது எப்படி என்ற கேள்வி எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. வைரத்தின் கடினம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லை. தூளில் கிடக்கும் துகள்கள் ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. அவற்றுள் கடினமான பக்கம் மேலே வந்தவை, கல்லின் மெலிந்த திசையைத் தேய்க்கின்றன. திசை தெரியாமல் அழுத்தினால் நாள் முழுக்கச் சுற்றினாலும் பட்டை விழாது. “கிரானைட்டிலும் எந்தப் பக்கம் பிளக்கும் என்று பார்த்துத்தானே உளி வைக்கிறோம்” என்றார் என் வீட்டுக்காரர்.

ஆண்ட்வெர்ப் நகருக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அங்கே பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற இளைஞர் 1919இல் ஒளி எந்தக் கோணத்தில் உள்ளே நுழைந்து எங்கே திரும்பும் என்று கணக்குப் போட்டு, வட்ட வைரத்தின் அளவுகளை வகுத்தார். மேல்பக்கச் சரிவு 34.5 பாகை, கீழ்பக்கச் சரிவு 40.75 பாகை. இன்றைக்கு நம் நகைக்கடைகளில் விற்கும் 57 பட்டை வைரத்துக்கு அதுவே அடிப்படை. கீழ்ச்சரிவு அளவுக்கு மீறி ஆழமாகவோ தட்டையாகவோ போனால் உள்ளே போன ஒளி மேலே திரும்பாமல் கீழே ஒழுகிவிடும், கல் செத்துப்போகும். ஆனால் இப்படித் தீட்டுவதில் பெரும்பாலும் கச்சாக் கல்லின் எடையில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

எடை போகிறது என்றதும் அப்பா கவனமானார். அப்போது தம்பி கோஹினூரின் கதையைச் சொன்னான். 1851 லண்டன் கண்காட்சியில் அதைப் பார்த்த கூட்டம், மின்னவில்லை என்று முகம் சுளித்தது. அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் நகரின் காஸ்டர் நிறுவனத் தொழிலாளர்களை லண்டனுக்கு வரவழைத்து மறுபடி தீட்டினார்கள். 38 நாள் வேலை. இன்றைய காரட் கணக்கில் ஏறத்தாழ 191 காரட் இருந்த கல் 105.6 காரட்டாகிவிட்டது. ஒரு காரட் 0.2 கிராம் என்பதால், போனது பதினேழு கிராம். அப்பா விரல்விட்டு எண்ணி, “இரண்டு சவரனுக்கு மேல் வைரத்தைத் தேய்த்துத் தூளாக்கினார்களா?” என்று கேட்டுவிட்டு, அங்கே கிடந்த பலகையில் உட்கார்ந்துவிட்டார். உண்மையான துக்கம் அது. கோல்கொண்டாக் கற்களைத் தீட்டிய நம் பழைய கைவினைஞர்கள் கல்லின் எடையைக் காப்பதற்காகவே அதன் இயல்பான வடிவத்தை ஒட்டிப் பட்டை போட்டார்கள். உதிர்ந்த பொன்தூளைக் கை கழுவிய நீரில் தேடுகிறவருக்கு அந்த மனம் புரியும்.

பிரேசிலில் 1720களில் வைரம் கிடைக்கும் வரை உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் நம் நாடுதான். அவற்றுள் பேர்பெற்ற கொல்லூர்ச் சுரங்கம் ஆந்திரத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்தது. அந்தக் கற்கள் கோவா, லிஸ்பன் வழியாக இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தன. அதற்கும் முன்பே, 1447இல், போலிக் கற்களை விற்கக் கூடாது என்று ஆண்ட்வெர்ப் நகர மன்றம் ஆணை போட்டிருக்கிறது. இந்த வீடு சொல்வது ஆண்ட்வெர்ப்பின் கதையை. கொல்லூரில் மண் சுமந்தவர்களைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் வேறு இடத்தில்தான் தேட வேண்டியிருக்கும். அவர்களுக்காக இப்படி ஒரு வீடு நம் பக்கத்தில் எழும்ப வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

சுரங்கங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு மறக்க முடியாத ஒன்று நடந்தது. நம் பக்கத்துப் பெரியவர்கள் உயர்ந்த வைரத்தை ‘புளூ ஜாகர்’ என்பார்கள். அம்மாவின் தோட்டுக் கற்களும் புளூ ஜாகர் என்றுதான் வீட்டில் பேச்சு. அப்பாவும் அந்தப் பெயரை ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லியிருக்கிறார். அது ஒரு ரகத்தின் பெயர் என்று மட்டுமே எண்ணியிருந்தார். தம்பி போனில் தேடி, தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டைன் என்று ஓர் ஊர் இருப்பதையும், அங்கே 1870இல் வைரம் கண்டெடுத்ததையும், 1971இல் சுரங்கம் மூடப்பட்டதையும் படித்துக் காட்டினான். அப்பா என் காதுமடலை மெல்லப் பிடித்து, தோட்டை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். “ஊர்ப் பெயரா கண்ணு?” என்று இரண்டு முறை கேட்டார்.

கல்லின் தெளிவை மதிப்பிடுவது பற்றி வந்த இடத்தில் அவர் குரல் ஓங்கிவிட்டது. வெட்டு, நிறம், தெளிவு, எடை என்று நான்கை இப்போது உலகமே பார்க்கிறது. அப்பாவோ காகபாதம் (காக்கைக் கால் போன்ற கீறல்), விந்து (புள்ளி) என்று தன் ஆசான் சொல்லிக்கொடுத்த குற்றங்களை அடுக்கினார். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரை இரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில் காகபாதம், களங்கம், விந்து, ஏகை (கோடு) என்ற நான்கு குற்றங்களும் இருப்பதை ஊர் திரும்பிய பின் எடுத்துக் காட்டினேன். “எங்கள் ஆசான் படிக்காதவர், ஆனால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்” என்றார்.

சாப்பாட்டு அறை முழுக்க வெள்ளி. அங்கே இருந்த நகாசு வேலை அப்பாவை மயக்கியது. தகட்டைப் பின்னாலிருந்து தட்டி உருவத்தை எழுப்புகிற அந்த வேலை அவருக்குக் கைவரவே இல்லை என்று அன்றுதான் எங்களிடம் சொன்னார். பெட்டக அறையில் எங்களுக்கு அவ்வளவு ஈடுபாடு வரவில்லை. 2003 பிப்ரவரியில் வைரத் தெருவிலேயே ஒரு கட்டடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டகங்களை உடைத்த பெருங்கொள்ளையைப் பற்றி நீங்களே படித்துக்கொள்ளலாம். ராஜாக்களின் கிரீடங்களைக் காண வேண்டும் என்று வருகிறவர்களுக்கு ஏற்ற இடம் இது இல்லை, அதற்கு லண்டன் போக வேண்டும்.

மதியம் ஆற்றங்கரையில், ஸ்டேன் என்ற பழைய கோட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி வீட்டில் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். ரயிலுக்குத் திரும்பும் வழியில் வைர வியாபாரம் நடக்கும் ஹோவனியர்ஸ் தெருவையும் எட்டிப் பார்த்தோம். எங்கு பார்த்தாலும் கேமராக்கள், காவல். பாலன்பூரிலிருந்து வந்து நிலைபெற்ற குஜராத்திக் குடும்பங்கள் யூத வியாபாரிகளுக்கு இணையாக அங்கே தொழில் செய்கிறார்கள். விலை படிந்ததும் எந்த மதத்தவரானாலும் ‘மசால்’ என்ற எபிரேயச் சொல்லைச் சொல்லிக் கை குலுக்கினால் பேச்சு முடிந்தது, அதற்கு மேல் மாறக் கூடாது. போச்சம்பள்ளிச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுகிறவர்களை அப்பா நினைத்துக்கொண்டார்.

இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆனது, அதில் பாதி அந்த ஒரு பட்டறை அறையில். டிக்கெட் நம் பணத்தில் கணக்குப் போட்டால் கூடுதல்தான், ஆனால் கொடுத்த காசுக்கு ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. கையால் தொழில் செய்யும் பெரியவர் யாராவது வீட்டில் இருந்து, அவரால் பயணம் செய்ய முடியும் என்றால், கட்டாயம் கூட்டிப் போங்கள்.

ஒன்றை மட்டும் நாங்கள் தவறவிட்டோம். அப்பா சட்டைப் பையில் கண்ணில் மாட்டும் லென்ஸை வைத்திருந்தார். காட்சிப் பெட்டிக்கு அது உதவாது. பொருள் கண்ணுக்கு ஓர் அங்குலத் தூரத்தில் இருந்தால்தான் அதில் தெளிவாகத் தெரியும், நடுவே கண்ணாடி நிற்கிறதே. அதற்குப் பிடி வைத்த பூதக்கண்ணாடிதான் சரி. பேப்பர் படிக்க அவர் வைத்திருக்கும் அந்தக் கண்ணாடியை நான் பிரஸ்ஸல்ஸ் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அன்று முழுவதும் அவர் பலமுறை கையை நீட்டினார், கொடுக்க என்னிடம் இல்லை.

லூவன் போகிற பையனுக்கு அந்தப் பூதக்கண்ணாடியைத் துடைத்து, துணியில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறார். “முதல் லீவில் வரும்போது பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும், வெள்ளித் தட்டுகளின் விளிம்பை மறக்காமல் பார்க்கச் சொல்” என்று இன்று காலையில்கூட நினைவூட்டினார்.