மூன்று கடிகாரங்கள்: டிசி, மார்வெல், ஜட்ஜ் ட்ரெட்

பல பத்தாண்டுகளாக ஓடும் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் தொடர்களில் எழுத்தாளரை விடாமல் துரத்தும் கேள்வி ஒன்று உண்டு. கதைக்குள் எத்தனை வருடம் போயிருக்கிறது?

அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான டிசிக்குப் பிடித்த வழி, பழைய கணக்கைக் கிழித்துப்போட்டுப் புதுக் கணக்கு தொடங்குவது. 1985-ல் ஆரம்பித்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' 12 இதழ்களில் பல உலகங்களை ஒன்றாக்கியது. கதையாக அது நன்றாகவே நின்றது. சொதப்பியது, எல்லாத் தொடர்களையும் முதல் இதழிலிருந்து மறுபடி தொடங்கிய 2011-ன் 'நியூ 52'. சூப்பர்மேனுக்கும் அவர் மனைவி லோயிஸுக்கும் கல்யாணமே நடக்கவில்லை என்றார்கள், சரி. ஆனால் பேட்மேனின் பழைய கதையில் மட்டும் பெரிதாகக் கை வைக்கவில்லை. ஹீரோக்கள் தலைகாட்டி ஐந்தே வருடம் ஆன உலகத்தில் அவர் தன் உதவியாளன் 'ராபின்' வேடத்துக்கு டிக், ஜேசன், டிம் என்று வரிசையாக ஆள் பழக்கி முடித்து, பத்து வயது மகனோடு சுற்றிக்கொண்டிருந்தார்!

டிசியின் போட்டி நிறுவனமான மார்வெல் எதையும் மொத்தமாக அழிப்பதில்லை, தேதிகளை நகர்த்தும். 1963-ல் அயர்ன்மேன் டோனி ஸ்டார்க் குண்டடிபட்டது வியட்நாமில். பின்னாளில் அதே சம்பவம் ஆப்கானிஸ்தானுக்குப் போனது. வியட்நாம் போர்வீரரான பனிஷர் என்ற பாத்திரத்துக்கு வயதுக் கணக்கு இடித்தபோது, 2019-ல் சியான்காங் என்ற கற்பனை நாட்டில் ஒரு போரையே உண்டாக்கினார்கள். படிக்கும்போது உறுத்தாத ஏமாற்று இது. உறுத்துவது ஸ்பைடர்மேன் விஷயம். 1987-ல் கல்யாணம் செய்துவைத்த பீட்டரை (ஸ்பைடர்மேனின் நிஜப் பெயர்), 2007-ல் அவரை வளர்த்த மே அத்தையின் உயிருக்கு ஈடாக மெஃபிஸ்டோ என்ற சாத்தானிடம் அந்தக் கல்யாணத்தையே கொடுக்க வைத்தார்கள். இருபது வருடம் கூடவே வந்த வாசகன் எதை நம்பி அடுத்த இதழை வாங்குவான்?

ஜட்ஜ் ட்ரெட்டை சூப்பர்ஹீரோ என்று சொல்லலாமா என்பது தனி வழக்கு. ஆனால் என் ஓட்டு அவருக்குத்தான். பிரிட்டன் காமிக்ஸ் வார இதழான '2000 ஏடி'யில் 1977-ல் வந்தவர். எதிர்கால அமெரிக்காவின் மெகா-சிட்டி ஒன் நகரத்தில் போலீசும் நீதிபதியுமாக இருப்பவர். நமக்கு ஒரு வருடம் போனால் அவருக்கும் ஒரு வருடம் போகும். 1982-ன் 'அபோகலிப்ஸ் வார்' கதையில், எதிரியின் ஏவுகணைத் தளத்தையே பிடித்து, சோவியத் தரப்பின் ஈஸ்ட்-மெக் ஒன் நகரத்தை ட்ரெட் மொத்தமாக அழிக்கிறார். வேறு தொடராக இருந்தால் அடுத்த மாதமே மறந்திருப்பார்கள். இங்கே அதில் தப்பியவர்களின் பழிவாங்கல் 2011-ல் 'டே ஆஃப் கேயாஸ்' கதையாக வந்து இறங்குகிறது. மெகா-சிட்டி ஒன்னின் பெரும்பகுதி மக்கள் சாகிறார்கள். வாசகனுக்கும் அதற்குள் கிட்டத்தட்ட முப்பது வயது கூடியிருக்கிறது, அந்த வலி வேறு எந்த வழியிலும் வராது.

இதில் ட்ரெட்டுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. இரண்டு பெரிய கதைகளிலும் ட்ரெட்டை உருவாக்கிய எழுத்தாளர் ஜான் வாக்னரின் கை இருந்தது. மாதம் பல தலைப்புகளில் ஒரே பாத்திரத்தைப் பலர் எழுதும் மார்வெலுக்கு அது நடக்காது. புதிதாகத் தொடங்குபவர்கள் 'அபோகலிப்ஸ் வார்' படித்துவிட்டு, அப்புறம் ட்ரெட் தன் அமைப்பையே சந்தேகிக்கத் தொடங்கும் எண்பதுகளின் பிற்பகுதிக் கதைகளைப் பார்த்துவிட்டு, 'டே ஆஃப் கேயாஸ்' பக்கம் போங்கள். நேராக அதற்குத் தாவினால் பாதிதான் புரியும்.