தோள் வலிக்கு ஊசியா, விரல் அழுத்தமா?
தோள்பட்டை வலி என்றால், மெல்லிய ஊசிகளை உடலில் குத்தும் அக்குபஞ்சரைவிட, விரலால் அழுத்தும் அக்குபிரஷரையே நான் சொல்வேன்.

ஊசியால் பெரும்பாலும் வருவது லேசான ரத்தக்கசிவு, தலைசுற்றல், அவ்வளவுதான். ஆனால் தோளின் மேல்பகுதியில் நுரையீரலின் நுனி தோலுக்கு வெகு அருகில் இருக்கிறது. ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து, நுரையீரல் சுருங்கிவிடலாம். அரிதுதான். ஆனாலும் மூச்சுத்திணறல் வீட்டுக்கு வந்து சில மணி நேரம் கழித்துக்கூடத் தொடங்கும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி குத்தியதை மறக்காமல் சொல்லுங்கள். தென் கொரியாவின் முன்னாள் அதிபர் ரோ டே வூவின் மூச்சுக்குழாயிலிருந்தே 2011இல் ஓர் அக்குபஞ்சர் ஊசியை எடுத்தார்கள்.

விரல் அழுத்தத்தில் துளையே கிடையாது, நுரையீரலுக்கும் ஆபத்தில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கன்றிப்போகலாம். சரி, ஊசிதான் வேண்டுமா? ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள்.