பெரியது ஒன்று, சிறியது ஒன்று: க்ளவுன் மீன் ஜோடியோடு மூன்று வருடம்

என்னிடம் இருப்பது 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, அதில் ஆசெல்லாரிஸ் க்ளவுன் ஜோடி (ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட சின்னக் கடல்மீன் வகை). சேர்த்து மூன்று வருடம் முடிந்துவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். கடையில் "ஆண் ஒன்று, பெண் ஒன்று" என்று கொடுத்த, ஒரே அளவில் நன்றாக வளர்ந்த இரண்டு மீன்களை ஒன்றாக விட்டேன். மூன்றாம் நாள் காலை ஒன்று மேல்மட்டத்தில் மூலையோடு ஒட்டி நின்றது, வால் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. தனியாகப் பிரித்து வைத்தும் பிழைக்கவில்லை. இன்றும் மனது உறுத்துகிறது.

குஞ்சாக இருக்கும்போது இவற்றில் எதுவும் பெண் கிடையாது. ஆணாகத்தான் முதிரும், அப்புறம் கூட்டத்தில் எது பெரிதாகி மற்றதை அடக்குகிறதோ அது பெண்ணாகும், ஆனபின் திரும்ப ஆணாகாது. அதனால் வளர்ந்த பெண்கள் இரண்டைச் சேர்த்தால் சண்டைதான்.

அடுத்த முறை, மிஞ்சியிருந்த பெரிய மீனுக்கு அதில் பாதி அளவுகூட இல்லாத, பண்ணையில் பொரித்த குஞ்சு ஒன்றை வாங்கினேன். (ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரே க்ளவுன் பொரிக்க வைத்திருக்கிறார்கள், கடலில் பிடித்ததைத் தேட வேண்டியதில்லை.) துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அதை ஒரு வாரம் உள்ளேயே மிதக்க விட்டேன். திறந்துவிட்டதும் பெரியது துரத்தியது, சின்னது ஓடாமல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. வலிப்பு என்று பயந்துவிடாதீர்கள், "நீதான் பெரியவள்" என்று அது ஒப்புக்கொள்ளும் விதம் அது. இதைப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. துடுப்பு கிழிகிறது, சாப்பிட வராமல் ஒளிகிறது என்றால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள்.

அனிமோன் (கடலில் க்ளவுன் குடியிருக்கும், பூப்போன்ற கொட்டும் உயிரி) கட்டாயமில்லை, என் ஜோடி மண்பானைக்குள்தான் தூங்குகிறது. சென்னை வெயிலுக்குச் சில்லர் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், 26 டிகிரியில் நிலையாக வைத்த பிறகுதான் முட்டையே வந்தது, அதுவும் ஒன்றரை வருடம் கழித்து. பானையின் உட்சுவரில் ஆரஞ்சு நிறத்தில் அடைஅடையாக ஒட்டியிருக்கும். ஆண்தான் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் நிற்கும், நான் கையை விட்டால் பெண் வந்து நறுக்கென்று கடிக்கும். எட்டாம் நாள் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் மினுங்கும், விளக்கணைத்த பிறகு பொரியும். குஞ்சுகளுக்குத் தீனியாகும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரியை வளர்க்க இன்னும் கை வரவில்லை.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து அடுத்த முட்டைக்காகப் பானைச் சுவரை வாயால் துடைக்க ஆரம்பிக்கும். நேற்று ஆரம்பித்துவிட்டன.