இரண்டாம் பாகம்: தனி நூலா, ஒரே நூலா?

சொந்தச் செலவில் நான் போட்ட குறுநாவல், சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் புறப்படுவதோடு முடியும். ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்ற ரயில் அது. கதையில் கமலாவின் அப்பா அந்த ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், அதாவது ரயில் தடம் மாற்றிவிடுபவர். "அதுக்கப்புறம் அவருக்கு என்னாச்சு?" என்று கேட்காத வாசகரே எனக்குக் கிடைக்கவில்லை. நான்கு வருடம் கழித்து பதிலை எழுதி முடித்தேன். இப்போது தண்டவாளம் போய் 24 கிலோமீட்டர் நடைபாதையாகிவிட்ட அதே தடத்தில், வயதான அப்பாவும் மகளும் நடக்கும் கதை.

அதை எப்படி வெளியிடுவது என்பதில் இரண்டு மாதம் போயிற்று. இரண்டாம் பாகத்தைத் தனி நூலாகப் போடலாம். அல்லது பழையதையும் புதியதையும் சேர்த்து ஒரே நூலாகப் போடலாம். நான் ஒரே நூலாகப் போட்டேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதையே செய்வேன்.

தனி நூலின் நல்ல பக்கம் தெரிந்ததுதான். செலவு குறைவு, விலை குறைவு, பழைய வாசகர் ஏற்கனவே வாங்கியதற்கு மறுபடி காசு கொடுக்க வேண்டாம். வெளியீட்டு விழாவுக்கும் புத்தம் புது நூல் என்றால் ஒரு களை இருக்கும். காகித வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. தனி நூலுக்கும் புது ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) வேண்டும், இவ்வளவு மாறிய சேர்ப்புப் பதிப்புக்கும் புது எண்தான். எதுவானாலும் தேசிய நூலக வாரியத்துக்கு இரண்டு பிரதிகள் ஒப்படைக்க வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒன்றே ஒன்று: முதல் பாகத்தின் இருப்பு.

முதல் நூலில் 300 பிரதிகள் அடித்தேன். கணக்குப் பார்த்தபோது கையில் 17 இருந்தன. இரண்டாம் பாகத்தைத் தனியாக 300 அடித்தால், புது வாசகர் ஒவ்வொருவருக்கும் ஒரு முதல் பாகமும் வேண்டும். பதினெட்டாவது ஆளுக்கு என்ன கொடுப்பது? சரி, முதல் பாகத்தையும் மறு அச்சுப் போடலாம் என்று அச்சகத்தில் கேட்டேன். நூறு பிரதிக்கு ஆஃப்செட் அச்சு கட்டாது, அதற்குச் செய்யும் அச்சுத் தகடுகளின் (பிளேட்) செலவை அத்தனை குறைந்த பிரதிகள் தாங்காது என்றார்கள். டிஜிட்டலில் அடித்தால் முன்பு ஒரு பிரதிக்கு ஆனதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல் அதற்கு மேலே இருக்கிறது. முதல் பாகம் வாங்கும் எல்லாரும் இரண்டாவதை வாங்க மாட்டார்கள். ஆகவே முதல் பாகம்தான் எப்போதும் முன்னால் தீரும். தீர்ந்ததும் மீதமுள்ள இரண்டாம் பாகம் அத்தனையும் முடங்கும். முதல் பாகத்தை மறுபடி அடித்தால் கொஞ்சம் நகரும், பிறகு அதே கதை. தெம்பனிசில் இருக்கும் என் எழுத்தாள நண்பருக்கு இதுதான் நடந்தது. அவரிடம் முதல் பாகம் ஒன்றுகூட இல்லை, இரண்டாம் பாகம் நூற்றுக்கு மேல் இருக்கிறது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்டர் என்ற வெடிகுண்டுப் பாதுகாப்பு அறையில் அட்டைப் பெட்டிகளாக அடுக்கி வைத்திருக்கிறார். காற்றோட்டம் இல்லாத அறை, நம் ஊர் ஈரப்பதம். ஓரங்கள் பழுத்து, சில பெட்டிகளில் பூஞ்சையும் பிடித்துவிட்டது. அவர் எழுதியதிலேயே நல்ல நூல் அது. அதைப் பார்த்துவிட்டு வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நூலகத்திலும் இதே நிலைமைதான். இரண்டு பாகமும் ஒரே கிளையில், ஒரே நேரத்தில் அலமாரியில் இருந்தால் வாசகருக்கு அதிர்ஷ்டம். ஒரே நூல் என்றால் இந்தக் கவலை கிடையாது.

அச்சுக் கணக்கும் ஒத்துவந்தது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று வைத்தால் பழையது ஆறு ஃபாரம், புதியது ஏழு. சேர்த்தால் பதின்மூன்று, 208 பக்கம். இரண்டு அட்டை, இரண்டு லேமினேஷன், இரண்டு பைண்டிங் ஒன்றாகிவிட்டன. 96 பக்க நூலின் முதுகில் தலைப்பைத் தேடித்தான் படிக்க வேண்டும். இப்போது அடுக்கில் நின்றால் தெரிகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. முதல் நூலில் கமலா அன்றிரவு கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் எம்ஆர்டி ரயில் ஏறி வீடு போவாள். அந்த நிலையம் திறந்ததே 2015 டிசம்பர் 27இல்தான். ஈசூனிலிருந்து ஓர் அண்ணன் போன் செய்து சொன்னார். தனி நூலாகப் போட்டிருந்தால் அந்தப் பிழையைக் கட்டிக்கொண்டுதான் கதையைத் தொடர்ந்திருக்க வேண்டும். சேர்ப்புப் பதிப்பில் அவளை பஸ்ஸில் ஏற்றினேன். திருத்தம் அந்த ஒரு பத்திதான். மற்றதைத் தொடவில்லை, பழைய வாசகர் நேசித்தது அந்தக் கதையைத்தான்.

விலை விஷயத்தில் என்னால் உறுதியாகப் பேச முடியாது. 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நூல் 20 வெள்ளியாகிவிட்டது. வெளியீட்டு விழாவில் யாரும் விலை பார்க்கவில்லை, ஆனால் வந்தவர்கள் தெரிந்தவர்கள். முகம் தெரியாத ஒருவர் 20 வெள்ளி கொடுத்து வாங்குவாரா என்பதைச் சொல்ல எட்டு மாத அனுபவம் போதாது. மின்னூலாக மட்டும் வெளியிடுபவருக்கு நான் சொன்ன இருப்புச் சிக்கலே இல்லை, அவர் தனித்தனியாகவே போடலாம். முதல் பாகம் 150, 200 என்று கைவசம் வைத்திருப்பவரும் அப்படித்தான், இருப்பது விற்கட்டும்.

பழைய வாசகரை இரண்டு தடவை காசு கொடுக்க வைக்க எனக்கு மனமில்லை. அவர்களுக்காக இரண்டாம் பாகத்தை மட்டும் மெல்லிய நூலாக டிஜிட்டலில் 60 பிரதிகள் அடித்தேன். ஒன்றுக்கு ஆன செலவு 8 வெள்ளி, அதே விலைக்குத்தான் கொடுக்கிறேன். பழைய பிரதியைக் காட்ட வேண்டியதில்லை, வாங்கினேன் என்று சொன்னால் போதும். இதுவரை 41 பேர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அதில் முதல் பிரதி ஈசூன் அண்ணனுக்குப் போனது.